உங்களுக்குத் தெரியுமா? முதுமையும் முதுகுத்தண்டு நீரும்

● மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எப்போதும் ஒரு நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவர் உடலில் அதன் மொத்த அளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். ஒரு நாளில் சுரப்பதோ 500 மில்லிலிட்டர். பழையது ரத்தத்தில் கலந்து வெளியேற, புதியது ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் இருந்த நீர் இரவு படுக்கப் போகும்போது இருக்காது.

● மூளையின் எடை சுமார் 1,400 கிராம். இந்த நீரில் மிதப்பதால் மண்டைக்குள் அது அழுத்தும் பாரம் 50 கிராம் அளவுதான்.

● வயது ஏற ஏற இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, நீர் சுரப்பது குறைகிறது. மற்றொன்று, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்க, விட்ட இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. சுரப்பு குறைந்து தேக்கம் கூடினால் என்ன ஆகும்? பழைய நீர் வெளியேற நாளாகும். மூளை கழித்துவிட்ட புரதங்கள் அதில் கூடுதல் நேரம் தங்கும். முதுமையில் வரும் மறதி நோய்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்த நீரை விடாமல் ஆராய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

● இப்படி ஒரு நீர் இருப்பதே நெடுங்காலம் சரியாகத் தெரியாமல் இருந்தது. பிணத்தின் தலையை முதலில் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு முதுகைத் திறப்பதுதான் அன்றைய உடற்கூற்றாளர்களின் வழக்கம். தலை போனதும் நீரும் வடிந்துவிடும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமினிகோ கொட்டுன்யோ தலையை எடுக்காமல் பார்த்தார். நீர் கண்ணில் பட்டது. 1764இல் அதை எழுதி வெளியிட்டார்.

● உயிரோடிருப்பவரிடமிருந்து அந்த நீரை எடுக்க இன்னும் நூற்றிருபத்தேழு ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் கீல் நகரில் 1891ஆம் ஆண்டு ஹைன்ரிக் க்விங்கெ என்ற மருத்துவர் கீழ்முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் முறையைச் செய்துகாட்டினார். இன்றும் அடிப்படை முறை அதுதான்.

● “முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்” என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பெரியவருக்கு இந்தச் சோதனை வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீண்டிருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். பெரியவர்களுக்கு அது முதல் இடுப்பு முள்ளெலும்பு அல்லது இரண்டாவதின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு நடுவிலோ நான்காவது ஐந்தாவதுக்கு நடுவிலோ. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பிழைகள். ஊசி நெருங்கினால் அவை பெரும்பாலும் நழுவி விலகிவிடும். சிசேரியன் செய்துகொண்ட பெண்களில் பெரும்பாலோருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டதும் இதே இடத்தில்தான்.

செய்யும் விதம் இதுதான். நோயாளி ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தாடையை நெஞ்சோடு ஒட்டிச் சுருண்டுகொள்வார். அப்போதுதான் முதுகெலும்புகளின் இடைவெளி விரியும். தோல் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. பிறகு நீண்ட மெல்லிய ஊசி. உள்ளே போனதும் நடுக்கம்பியை உருவுவார்கள். நீர் சொட்டத் தொடங்கும். உறிஞ்சி எடுப்பதில்லை, தானாகச் சொட்டுவதைக் குழாயில் பிடிக்கிறார்கள். நல்ல நீர் என்றால் குடிநீர்போலத் தெளிவாக இருக்கும், நிறமே இராது.

● உண்மையில் வரக்கூடிய தொல்லை தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் விடும். ஊசித்துளை வழியே நீர் கசிவதால் வருவது அது. இதைத் தன் உடம்பிலேயே அனுபவித்து எழுதிவைத்தவர் ஆகஸ்ட் பீர். அவரும் கீல் நகரத்து மருத்துவர். 1898 ஆகஸ்டில், மரத்துப்போகும் மருந்தை முதுகுநீரில் செலுத்திப் பார்க்கத் தன் உதவியாளர் ஹில்டெப்ராண்டைத் தன் முதுகிலேயே ஊசி போடச் சொன்னார். மருந்துக்குழல் ஊசியோடு பொருந்தவில்லை. நீர் நிறைய வெளியேறிவிட்டது. உடனே ஹில்டெப்ராண்ட் தன் முதுகைக் காட்டினார். அது பலித்தது. அவருடைய கீழ்க்காலின் முன்னெலும்பைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், வலி தெரியவில்லை. மறுநாள் முதல் பீருக்கு எழுந்தால் தலைவலி. ஒன்பது நாள் நீடித்தது.

இன்றைக்கு முனை மழுங்கிய, பக்கவாட்டில் துளையுள்ள ஊசிகள் வந்துவிட்டன. இவை சவ்வை வெட்டாமல் இழைகளை விலக்கிக்கொண்டு போகும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பழைய வகை ஊசியில் 11 சதவீதம் பேருக்கு வந்த தலைவலி இந்த வகையில் 4.2 சதவீதமாகக் குறைந்தது. வீட்டுப் பெரியவருக்கு இந்தச் சோதனை என்றால் எந்த ஊசி என்று தயங்காமல் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

● அலோய்ஸ் அல்சைமர் 1901இல் ஃப்ராங்ஃபுர்ட் மருத்துவமனையில் பார்த்த அவுகுஸ்தெ டெட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51. 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை எடுத்து உருப்பெருக்கியில் வைத்தபோதுதான் அல்சைமர் என்ற மறதி நோயின் அடையாளங்கள் தெரிந்தன: நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிய இழைகள். வெளியே படிவது அமிலாய்டு என்ற புரதம். உள்ளே முறுக்கிக்கொள்வது டவ் என்ற புரதம். இந்த நோய்தான் என்று உறுதியாகச் சொல்ல அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பிரேதப் பரிசோதனைதான் வழி. 1990களில் ஸ்வீடனின் யோத்தபோரி உள்ளிட்ட ஆய்வகங்களில் முதுகுநீரில் இந்தப் புரதங்களை அளக்கத் தொடங்கியபோதுதான், உயிருள்ளவரின் மூளையில் என்ன நடக்கிறது என்று வேதியியல்படி பார்க்க வழி பிறந்தது.

● மூளையில் அமிலாய்டு கூடினால் முதுகுநீரிலும் அது கூடும் என்றுதானே தோன்றும்? நடப்பது நேர்மாறு. அமிலாய்டு 42 என்ற வகை எளிதில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் படிவுகள் உருவானதும் புதிதாகச் சுரப்பது அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது, நீருக்கு வந்து சேர்வது குறைகிறது. அல்சைமர் நோயாளிகளிடம் இது இயல்பான அளவில் பாதியாகக்கூட இறங்கிவிடும். டவ் இதற்கு எதிர்த்திசை: நோயில் அது நீரில் ஏறுகிறது. ஒன்று இறங்க, மற்றொன்று ஏற, இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் நோய் தெரிகிறது.

● ஒட்டும் குணம் இன்னொரு இடத்திலும் தொல்லை தரும். அமிலாய்டு 42 கண்ணாடிக் குழாயிலும் சிலவகைப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். நீரில் மிச்சமிருப்பது குறையும், கருவி குறைந்த அளவைக் காட்டும். நோயில்லாதவருக்கு நோய் என்று அறிக்கை வந்துவிடலாம். அதனால்தான் பாலிபுரோப்பிலீன் குழாய் மட்டுமே, அதிலும் இத்தனை அளவு நிரம்ப வேண்டும், ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பத் திரும்ப ஊற்றக் கூடாது என்றெல்லாம் விதி. எளிதில் ஒட்டாத அமிலாய்டு 40 என்ற வகையையும் அளந்து இரண்டின் விகிதத்தைப் பார்ப்பதும் இந்தப் பிழையைக் குறைக்கத்தான். சிலருக்கு இயல்பாகவே எல்லா அமிலாய்டும் குறைவாகச் சுரக்கும். அவர்களையும் இந்த விகிதம் காப்பாற்றுகிறது.

● முதுமை எப்படி நோய்க்கு வாசல் திறக்கிறது என்பதை முதுகுநீர் நேராகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரேண்டல் பேட்மனும் அவருடைய குழுவும் செய்தது. அமிலாய்டு உள்ளிட்ட எல்லாப் புரதங்களையும் உடல் அமினோ அமிலங்களிலிருந்து கட்டுகிறது. அவற்றில் ஒன்றான லூசினில், சற்றே எடை கூடிய கார்பன் அணுக்களைக் கொண்ட வகையைத் தயாரித்து, தன்னார்வலர்களின் ரத்தத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கீழ்முதுகில் மெல்லிய குழாயைச் செருகி, 36 மணி நேரம், மணிக்கு ஒருமுறை நீர் எடுத்தார்கள். அடையாளமிட்ட லூசினைத் தாங்கிய அமிலாய்டு நீரில் எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்று கணக்கிட்டால் மூளை அதைச் செய்யும் வேகமும் வெளியேற்றும் வேகமும் கிடைத்துவிடும்.

2015இல் வெளிவந்த கணக்கு இது: 30 வயதில் அமிலாய்டின் பாதி வெளியேற 3.8 மணி நேரம் போதும். 80 வயதில் அதற்கு 9.4 மணி நேரம் ஆகிறது. இரண்டரை மடங்கு! சுரப்பில் பெரிய மாற்றமில்லாமலேயே, வெளியேறத் தாமதமாகும் ஒரே காரணத்தால் புரதம் தங்கி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு பெருகிக்கொண்டே போகிறது. அல்சைமருக்கு மிகப் பெரிய ஆபத்துக் காரணி வயது என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த வாக்கியத்தின் உள்ளே இருக்கும் இயக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய எண்கள் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

● டவ் இன்னும் நிதானம். அதே ஆய்வகத்தின் கணக்குப்படி மனித மூளையில் டவ் புரதத்தின் பாதி மாறவே 23 நாள் ஆகும்.

● ஒரே ஒரு இரவு தூங்காமல் இருந்தால் முதுகுநீரில் அமிலாய்டு 25 முதல் 30 சதவீதம் வரை கூடுகிறது என்று 2018இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. விழித்திருக்கும் நரம்பணுக்கள் அதைக் கூடுதலாகச் சுரக்கின்றன என்பது விளக்கம். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் கழிவு நன்றாக அலசப்படுகிறது என்று 2013இல் எலிகளில் செய்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 2024இல் வேறொரு குழு எலிகளில் நேர்மாறான முடிவை வெளியிட்டது. விவாதம் இன்னும் தீரவில்லை. தூக்கத்தில் மனித மூளைக்குள் இந்த நீர் அலை அலையாகப் பாய்வதை மட்டும் பாஸ்டனில் ஸ்கேன் கருவிக்குள் மனிதர்களைத் தூங்கவைத்து 2019இல் படமே எடுத்திருக்கிறார்கள்.

● நரம்பணுவின் நீண்ட வாலுக்குள் சட்டகமாக இருப்பது நியூரோஃபிலமென்ட். வால் சிதைந்தால் அது நீரில் கலக்கும். எந்த நோயால் சிதைந்தாலும் கலக்கும்: அல்சைமர், பக்கவாதம், தலையில் அடி, ஏ.எல்.எஸ். என்ற தசைநலிவு நோய், எதுவானாலும். நோயே இல்லாதவருக்கும் வயதோடு இது ஏறிக்கொண்டே இருக்கும். இருபது வயதுக்காரருக்கு அபாயம் என்று சொல்லும் அளவு எண்பது வயதுக்காரருக்கு இயல்பாக இருக்கலாம். வயதைக் குறிப்பிடாமல் இந்த எண்ணை மட்டும் காட்டும் அறிக்கையால் பயனில்லை.

● நோயில்லாத முதியவர்களின் முதுகுநீர் ஆராய்ச்சிக்குக் கிடைப்பது அரிது. நன்றாக இருப்பவர் எதற்காக முதுகில் ஊசி போட்டுக்கொள்வார்? நார்வேயின் ஆஸ்லோவில் அருமையான வழி கண்டார்கள். அறுவை சிகிச்சைக்காக முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும் முதியவர்களிடம் அனுமதி கேட்டு, மருந்து செலுத்தும் முன் அதே ஊசி வழியாகக் கொஞ்சம் நீர் எடுத்துக்கொண்டார்கள். தனியாக ஊசி தேவைப்படவில்லை. அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, நியூரோஃபிலமென்ட் கூடுதலாக இருந்த, ஆனால் நினைவாற்றலில் குறையில்லாத முதியவர்களுக்கு, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி வேகமாகச் சுருங்கியது.

ஆஸ்லோக்காரர்களின் இன்னொரு முடிவு நம் வீடுகளுக்கு நேராகப் பயன்படும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர், அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று இடம் தெரியாமல், ஆள் தெரியாமல் பிதற்றத் தொடங்குவார். “மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லிவிடுவோம். மறதி நோய் இல்லாதிருந்த முதியவர்களில் இப்படிக் குழம்பியவர்களின் முதுகுநீரைப் பார்த்தால், குழம்பாதவர்களைவிட அமிலாய்டு 42 குறைவாகவும் டவ் கூடுதலாகவும் இருந்தது. அல்சைமரின் மாற்றங்கள் ஓசையில்லாமல் தொடங்கிவிட்ட மூளைதான் அதிர்ச்சியில் எளிதில் தடுமாறுகிறது. அப்படிக் குழம்பித் தெளிந்த பெரியவரின் நினைவாற்றலை அடுத்த சில மாதங்கள் கவனித்து வருவது நல்லது.

● ஓசையில்லாமல் என்றால் எவ்வளவு காலம்? சீனாவில் நடுவயதினரையும் முதியவர்களையும் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, பிற்பாடு அல்சைமர் வந்த 648 பேரையும் வராத 648 பேரையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2024இல் வந்தது. நோய் உறுதியானதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே முதுகுநீரில் அமிலாய்டு 42 விலகத் தொடங்கியிருந்தது. அமிலாய்டு விகிதம் 14 ஆண்டுகளுக்கு முன். பாஸ்பேட் ஏறிய டவ் 11 ஆண்டுகளுக்கு முன், மொத்த டவ் 10, நியூரோஃபிலமென்ட் 9. ஹிப்போகேம்பஸ் சுருங்குவது 8 ஆண்டுகளுக்கு முன். நினைவுச் சோதனைகளில் சறுக்கல் தெரிந்தது கடைசியாக, 6 ஆண்டுகளுக்கு முன்புதான். பிறவியிலேயே மரபணுப் பிழையோடு வரும் அரிய குடும்பங்களில் இந்த மாற்றம் அறிகுறிக்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குவதாக 2012இல் வேறொரு ஆய்வு மதிப்பிட்டது.

● இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நீரில் மாற்றம் தெரிந்த எல்லாருக்கும் நோய் வந்துவிடுமா?

வராது. யோத்தபோரியில் 1971 முதல் எழுபது வயதினரை ஆராய்ந்து வருகிறார்கள். 1944இல் பிறந்தவர்கள் எழுபதைத் தொட்டபோது அவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் முதுகுநீர் கொடுக்க முன்வந்தனர். நினைவாற்றலில் குறையில்லாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் 22.8 சதவீதம் பேரிடம் அமிலாய்டு மாற்றம் இருந்தது. பல நாடுகளின் முதுகுநீர், ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், நலமாக இருப்பவர்களிடையே இந்த மாற்றம் 50 வயதில் 10 சதவீதம், 90 வயதில் 44 சதவீதம். தொண்ணூறு வயதில் தெளிவாகப் பேசிக்கொண்டு, பேரன் பேத்தி பெயர் பிசகாமல் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அமிலாய்டைச் சுமந்துகொண்டுதான் வாழ்கிறார்கள்.

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகள், இறந்த பிறகு தங்கள் மூளையை ஆய்வுக்குத் தர எழுதிக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் 101 வயது வரை வாழ்ந்தவர். கடைசிவரை நினைவுச் சோதனைகளில் நல்ல மதிப்பெண். திறந்து பார்த்தால் மூளையில் படிவுகளும் முறுக்கிழைகளும் ஏராளம். படிவு இருந்தும் நோய் இல்லாமல் நூறைத் தாண்டியவர்.

அதனால்தான் இன்று மருத்துவர்களுக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. அமெரிக்க அல்சைமர் சங்கம் சார்பில் 2024இல் வந்த வரையறை, உயிரியல் மாற்றம் இருந்தாலே நோய்தான் என்கிறது. அறிகுறியும் சேர்ந்தால்தான் நோய், அதுவரை ஆபத்து மட்டுமே என்கிறது மற்றொரு சர்வதேசக் குழு. நான் இரண்டாம் தரப்பின் பக்கம். எண்பது வயதில் நன்றாக நடமாடும் ஒருவரிடம் “உங்களுக்கு அல்சைமர்” என்று ஒரு குழாய் நீரை வைத்துச் சொல்வது அவருடைய மிச்ச நாட்களின் நிம்மதியைப் பறிப்பது. நல்லவேளையாக, அறிகுறியே இல்லாதவருக்கு இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்யக் கூடாது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன.

● பார்க்கின்சன் நோய்க்கு முதுகுநீரில் வேறொரு விதமான சோதனை. பாலில் உறைமோர் ஊற்றுவதுபோல என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் உருக்குலைந்தால் பக்கத்தில் இருப்பதையும் தன்போல் உருக்குலைக்கும். ஆய்வகத்தில் நல்ல சைனுக்ளினை எடுத்துவைத்து, நோயாளியின் நீரில் சில துளிகள் சேர்த்துக் குலுக்குவார்கள். நீரில் கெட்டது துளியளவு இருந்தாலும் நல்லது முழுவதும் மாறி ஒளிரும். 2023இல் 1,123 பேரிடம் செய்த ஆய்வில் நோயாளிகளில் 87.7 சதவீதம் பேரை இது சரியாகக் கண்டுபிடித்தது. நோயற்றவர்களில் 96.3 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. இதில் ஒரு நுட்பம்: வாசனை அறியும் திறன் குறைந்த நோயாளிகளிடம் சோதனை பெரும்பாலும் தவறவில்லை. நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே காப்பி வாசனையும் தாளிப்பு வாசனையும் தெரியாமல் போவது இந்த நோயில் உண்டு.

● சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட் யாகோப் நோயிலும் இதே தத்துவம்தான். அங்கே உருக்குலைவது பிரியான் புரதம். முன்பு மூளையைத் துளைத்துத் திசு எடுத்து உறுதி செய்ய வேண்டியிருந்ததை இப்போது சில துளி முதுகுநீரில் ஏறத்தாழப் பிழையின்றிச் சொல்லிவிட முடிகிறது.

● முதுகுநீரை எடுத்தாலே நடை திரும்பும் மறதி நோயும் உண்டு! முதியவரின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்துத் தேய்த்து நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி. மூன்றும் சேர்ந்தால் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடுகிறோம். கொலம்பியாவின் பொகோட்டாவைச் சேர்ந்த சலமோன் ஹக்கீம் என்ற நரம்பியல் அறுவை நிபுணர், மூளைக்குள் நீர் தேங்கி அறைகள் பெருத்தும் அழுத்தம் இயல்பாகவே காட்டும் நோயை அடையாளம் கண்டு, 1965இல் உலகுக்குத் தெரிவித்தார்.

இதற்கான சோதனை பார்ப்பதற்கே வியப்பாக இருக்கும். பெரியவரை நடக்கவிட்டு நேரம் குறிப்பார்கள், எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுவார்கள். பிறகு முதுகிலிருந்து 30 முதல் 50 மில்லிலிட்டர் நீர் எடுப்பார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் நடக்கவிடுவார்கள். நோய் இதுவானால் அடி நீளும், திரும்பும்போது தடுமாற்றம் குறையும். தேங்கும் நீரை வயிற்றுக்குத் திருப்பிவிடும் குழாயை அறுவை சிகிச்சையில் பொருத்தினால் பலருக்கு நடை நிலையாகவே தேறிவிடும். மறதி தேறுவது அவ்வளவு உறுதியில்லை. தாமதித்தால் நடையும் தேறாது. இந்த ஒரு குறிப்பைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் தன் அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போனால்கூட இந்தப் பக்கம் எழுதியதற்குப் பலன் உண்டு.

● ஒரு நோயின் அடையாளப் புரதத்தை நம்பியே மருந்துக்கு அனுமதி கொடுத்ததும் நடந்திருக்கிறது. ஏ.எல்.எஸ். நோயில் ஒரு மரபணுவகைக்கான டோஃபெர்சென் என்ற மருந்தை 28 வாரம் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் செயல்திறனில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் வெகுவாக இறங்கியது. சிதைவு குறைவதன் அடையாளம் அது என்று எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2023 ஏப்ரலில் விரைவு அனுமதி அளித்தது. இந்த மருந்தைக் கொடுப்பதும் முதுகுநீருக்குள்தான்.

● இளம் எலிகளின் முதுகுநீரை எடுத்துக் கிழட்டு எலிகளின் மூளையில் ஒரு வாரம் செலுத்தினால் என்ன ஆகும்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தால் ஈரமும் டோனி வைஸ்கோரேயும் செய்து பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். கிழட்டு எலிகளின் நினைவாற்றல் மேம்பட்டது. நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்கள் பெருகின. இளமை நீரில் இருந்து முதுமையில் குறைந்துபோகும் வளர்ச்சிக் காரணி ஒன்றையும் கண்டார்கள். அதை மட்டும் தனியே செலுத்தினாலும் பலன் இருந்தது. எலியின் மொத்த முதுகுநீரே மிகச் சொற்பம். அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செய்த பொறுமையான வேலை இது. எலியில் பலித்தது மனிதரில் பலித்ததாக இன்னும் இல்லை. “இளமை திரும்பும் சிகிச்சை” என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

● இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்கள் எல்லாருக்கும் முதுகுநீர்ச் சோதனை தேவையா என்றால், இல்லை. முதலில் எளிய சோதனைகள்: வைட்டமின் பி12, தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், மனச்சோர்வு, காது கேட்கும் திறன், தலை ஸ்கேன். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். முதுகுநீர் உதவுவது வேறு இடங்களில். அறுபத்தைந்து வயதுக்கு முன்பே மறதி தொடங்கியவர்கள், வழக்கத்துக்கு மாறான அறிகுறி உள்ளவர்கள், வாரக்கணக்கில் மோசமாகிறவர்கள், அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளுக்குத் தகுதி பார்க்கப்படுபவர்கள். லெக்கனமாப் போன்ற அந்த மருந்துகள் நோயை நிறுத்துவதில்லை, அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரும் ஆபத்தும் அவற்றுக்கு உண்டு. மூளையில் அமிலாய்டு இருக்கிறது என்று உறுதியாகாதவருக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது.

● முதுகுநீரில் அமிலாய்டு விகிதத்தைத் தானியங்கிக் கருவியில் அளக்கும் சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2022 மே மாதத்தில். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதத்தில், அதைத் தயாரித்த ஃபூஜிரெபியோ நிறுவனத்தின் ரத்தச் சோதனைக்கும் அனுமதி கிடைத்தது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டி, மறதியின் அறிகுறியும் இருப்பவர்களுக்கு மட்டும். 499 பேரிடம் செய்து பார்த்ததில், ரத்தம் ‘உண்டு’ என்று சொன்னவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலோ முதுகுநீரிலோ அமிலாய்டு உறுதியானது. ‘இல்லை’ என்று சொன்னவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு உண்மையிலேயே இல்லை. இருபது சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு ரத்தம் இரண்டில் எதையும் சொல்லவில்லை. அவர்கள் ஸ்கேனுக்குப் போக வேண்டும், அல்லது முழங்காலை வயிற்றோடு சேர்த்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும்.